கைவினைத் தொழிலின் பெயரை எப்போது மாற்றலாம்? முடிவெடுக்கும் முறை

வீட்டிலிருந்தே நகை, தாம்பூலப் பை, ரெசின் பொருள் என்று செய்து விற்பவர்கள் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: "அக்கா, பேரையும் லோகோவையும் மாத்திடலாமா?" கேட்பவர்களில் நிறையப் பேருக்கு மாற்ற வேண்டிய தேவையே இருப்பதில்லை. தினமும் அதே லோகோவைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, அவ்வளவுதான். வாங்குகிறவர் அதை வருடத்தில் இரண்டு மூன்று முறைதான் பார்க்கிறார். அவர் மனதில் அது இப்போதுதான் பதிய ஆரம்பித்திருக்கும்.

எனக்கு உண்மையிலேயே மாற்ற வேண்டி வந்தது. நான் சுடுமண் நகையில்தான் ஆரம்பித்தேன். கடைப் பெயரிலேயே 'டெரகோட்டா' இருந்தது. நான்கு வருடம் கழித்துத் துணி நகையும் செய்யத் தொடங்கி, ஒரு கண்காட்சியில் ஸ்டால் போட்டேன். கலம்காரித் துணியில் செய்த கழுத்தணி ஒன்றை ஒரு அம்மா ஆசையாகக் கையில் எடுத்தார். நிமிர்ந்து பேனரைப் படித்தார். "மண்ணாம்மா இது? உடைஞ்சிடுமே" என்று சொல்லிக்கொண்டே கீழே வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஸ்டாலில் நின்றார்.

படி 1: வாட்ஸ்அப்பைத் திறந்து எண்ணுங்கள்

கடைசி மூன்று மாதம் வந்த விசாரிப்புகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். நோட்டில் நான்கு பத்தி போடுங்கள். நீங்கள் செய்வதைச் சரியாகப் புரிந்து கேட்டவர்கள் முதல் பத்தி. செய்யாத பொருளைக் கேட்டவர்கள் இரண்டாவது. "அட, இதுவும் செய்வீங்களா?" என்று கேட்டவர்கள் மூன்றாவது. உங்களை வேறொரு கடை என்று நினைத்து வந்தவர்கள் நான்காவது.

முதல் பத்திதான் நிறைந்திருக்கிறது, ஆனாலும் விற்பனை மந்தம் என்றால் பெயரைத் தொடாதீர்கள். புகைப்படமோ விலையோ பார்சல் தாமதமோ காரணமாக இருக்கலாம். புதுப் பெயர் வைத்தாலும் அவை அப்படியேதான் இருக்கும். மற்ற மூன்று பத்திகளும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மாற்றத்தைப் பற்றி யோசிக்கலாம். இது விதி இல்லை, என் அனுபவத்தில் நான் வைத்திருக்கும் அளவு.

படி 2: போனில் சொல்லிப் பாருங்கள்

உங்கள் கடையைத் தெரியாத ஒருவரை அழைத்துப் பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அதை இன்ஸ்டாகிராமில் தட்டித் தேடச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயர் வைத்தவர்கள் இங்கேதான் அதிகம் சிக்குகிறார்கள். 'ழ' வந்தால் ஒருவர் 'எல்' போடுவார், இன்னொருவர் 'இசட் ஹெச்' போடுவார். நெடிலுக்கு 'ஏ' ஒன்றா இரண்டா என்று குழம்புவார்கள். ஐந்து பேரில் மூன்று பேருக்கு நீங்கள் கிடைக்கவில்லை என்றால் எழுத்துகளை மட்டும் எளிதாக்கினாலே போதும். பெயரை முழுதாக மாற்ற வேண்டியதில்லை.

படி 3: எதைத் தொடக்கூடாது என்று முதலில் எழுதுங்கள்

2009-இல் அமெரிக்காவில் ட்ராபிகானா தன் ஜூஸ் பெட்டியிலிருந்து ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் பழத்தின் படத்தை எடுத்துவிட்டு, கண்ணாடி டம்ளரில் ஜூஸ் இருப்பது போன்ற படத்தைப் போட்டது. வழக்கமாக வாங்குகிறவர்களுக்கே அடையாளம் பிடிபடவில்லை. விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்தது. சில வாரங்களிலேயே பழைய பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தப் பழம்தான் அவர்களுடைய முகமாக இருந்திருக்கிறது.

உங்களுக்கு அப்படி எது இருக்கிறது? தெரியவில்லை என்றால், பழைய வாடிக்கையாளர்கள் பத்துப் பேரிடம் "நம்ம பார்சல்ல என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். நான் கேட்டபோது லோகோவை ஒருவரும் சொல்லவில்லை. பழுப்புக் கவரில் நான் கையால் குத்தும் கோல முத்திரையைத்தான் சொன்னார்கள். பெயர் மாறியது, அந்த முத்திரை இன்றும் அப்படியே இருக்கிறது.

படி 4: புதுப் பெயர் காலியா?

இந்திய அரசின் டிரேட்மார்க் தளத்தில் இலவசமாகத் தேடலாம். நகை என்றால் 14-ஆம் வகுப்பு, ஆடை என்றால் 25. ஒலிப்பில் நெருங்கி வரும் பெயர்களையும் தேடுங்கள். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு கிடைத்தால் 10 வருடம் செல்லும், அப்புறம் புதுப்பிக்கலாம். ஸ்டிக்கர் அச்சடித்த பிறகு இதைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து முதலில் பாருங்கள்.

படி 5: ஆடியில் மாற்றுங்கள்

முகூர்த்த சீசனில் வேண்டவே வேண்டாம். முன்பணம் கொடுத்த கல்யாண வீட்டார் பழைய பெயரில் தேடி, கணக்கைக் காணோம் என்று பதறிப்போவார்கள். ஆடியில் கல்யாண ஆர்டர் குறைவு. அந்த மாதத்தில் மாற்றினால் ஆவணி முகூர்த்தத்துக்குள் எல்லாம் சீராகிவிடும்.

இன்ஸ்டா பெயரை மாற்றியதும் பழைய விசிட்டிங் கார்டில் அச்சான லிங்க் வேலை செய்யாது. அதனால் போன் எண்ணை மட்டும் மாற்றிவிடாதீர்கள். பயோவில் ஆறு மாதமாவது 'முன்பு' என்று போட்டுப் பழைய பெயரையும் எழுதி வையுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் வணிகப் பெயர் மாற்றத்தை 15 நாளுக்குள் அதில் திருத்த விண்ணப்பிக்க வேண்டும். மிச்சமிருக்கும் பழைய பெட்டிகளை வீணாக்க வேண்டாம். புது ஸ்டிக்கரைப் பழைய பெயருக்குக் கீழே ஒட்டுங்கள். இரண்டு பெயரையும் ஒன்றாகப் பார்த்தால் பெட்டியைப் பிரிக்கிறவருக்கு அனுப்பியது நீங்கள்தான் என்று தெரிந்துவிடும்.