கல்லில் சுடும் வெல்ஷ் கேக்: செய்முறையும் ஊருக்கொரு பெயரும்

கேக் என்று பெயர் இருக்கிறதே என்று இதை ஓவனில் வைத்துவிடாதீர்கள். வேல்ஸ் நாட்டில் இது கல்லில் சுடும் பலகாரம். வெளியே பிஸ்கட் மாதிரி மொறுமொறுப்பு, உள்ளே லேசான மெதுமெது, நடுநடுவே உலர்திராட்சை. இருக்கிற சாமானை வைத்து அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

முதலில் கல். அங்கே பழங்காலத்தில் நிஜமாகவே கல்லில் சுட்டார்கள், பிறகு கனமான வார்ப்பிரும்புத் தட்டு வந்தது, ஆனால் தெற்கு வேல்ஸில் இன்னமும் அதற்கு 'மைன்', அதாவது கல் என்றுதான் பெயர். இரும்பில் செய்ததை தோசைக்கல் என்று சொல்லும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கனமான வார்ப்பிரும்பு தோசைக்கல் இருந்தால் அதுவே போதும்; மெல்லிய நான்-ஸ்டிக் தவாவில் அங்கங்கே கருகும்.

மைதா 225 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, பட்டைத்தூளும் ஜாதிக்காய்த்தூளும் சேர்த்து அரை டீஸ்பூன். இதில் குளிர்ந்த வெண்ணெய் 110 கிராமைத் துண்டுதுண்டாகப் போட்டு, ரவை பதம் வரும்வரை விரல் நுனியால் உதிர்த்துவிடுங்கள். அந்தக் காலத்தில் பன்றிக்கொழுப்பும் சேர்ப்பார்கள், இன்றும் அது இல்லாமல் ருசியே வராது என்று சாதிப்பவர்கள் உண்டு; எனக்கு வெண்ணெயே போதும். அப்புறம் சர்க்கரை 75 கிராம், சின்னக் கருப்பு உலர்திராட்சை 75 கிராம், அடித்த முட்டை ஒன்று. மாவு சேரவில்லை என்றால் மட்டும் ஒரு ஸ்பூன் பால்.

நம் கை பழக்கத்தில் தப்பு செய்வது இந்த இடத்தில்தான். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைந்தால் கேக் ரப்பராகிவிடும். மாவு ஒன்றாகத் திரண்டதும் கையை எடுத்துவிடுங்கள். அரை சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான கனத்தில் தேய்த்து, டம்ளர் வாயால் வட்டமாக வெட்டுங்கள். ஏறக்குறைய 16 வரும்.

கல்லில் லேசாக வெண்ணெய் தடவி, சிறுதீயில், பக்கத்துக்கு மூன்று நிமிடம். நான் முதல் தடவை தோசைக்கு வைக்கிற தீயில் போட்டேன், மேலே கரி, உள்ளே பச்சை மாவு. அதனால் ஒன்றை மட்டும் முதலில் சுட்டுப் பிட்டுப் பாருங்கள், அதற்கேற்ப தீயைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். எடுத்ததும் சூட்டோடு சர்க்கரையில் புரட்டிவிட வேண்டும், ஆறினால் ஒட்டாது.

சரி, பெயருக்கு வருவோம். வெல்ஷ் மொழியில் இதற்கு ஒரே பெயர் கிடையாது, பாதிக்குக் காரணம் அந்தக் கல்தான். தெற்கே 'பிக்கெ ஆர் அ மைன்', கல்மேல் சுட்ட கேக்குகள். செல்லமாக 'பிக்கெ பாஹ்', குட்டிக் கேக்குகள். வடக்கே கல்லுக்கு 'கிராடெல்' என்று பெயர், அதனால் பலகாரம் 'டைசென் ராடெல்'. முன்னால் இருந்த 'க' எங்கே போனது என்றால், வெல்ஷ் மொழியில் பெண்பால் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வருகிற சொல்லின் முதல் எழுத்து மாறும், சில சமயம் காணாமலே போகும். 'கக்கென் கிரீ' என்ற பெயரிலும் அதே கதைதான்: 'க்ரீ' (cri) என்றால் புளிக்காதது, அதன் முதல் ஒலி அங்கே மென்மையாகி 'gri' ஆகிவிட்டது. மேற்கே கார்டிகன், கார்மார்தன் பக்கம் கல்லையே 'பிளாங்க்' என்பார்கள். ஆங்கிலம் பேசும் தெற்குப் பள்ளத்தாக்குகளில் சிலர் கேக்கையே 'பேக்ஸ்டோன்' என்று கல்லின் பெயரால் கூப்பிடுகிறார்கள்.

மார்ச் 1, வேல்ஸின் காவல் புனிதரான புனித டேவிட் நாளில் இது நிச்சயம் உண்டு. மற்ற நாட்களில் கார்டிஃப், ஸ்வான்ஸீ சந்தைகளில் கண்ணெதிரே சுட்டுச் சூடாகத் தருவார்கள். குறுக்கே பிளந்து ஜாம் தடவுகிறவர்களும் உண்டு. மிஞ்சினால் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும். மறுபடி சுட வைக்கக் கல்லையே பயன்படுத்துங்கள், மைக்ரோவேவில் வைத்தால் சவசவவென்று ஆகிவிடும்.