பின் டிஃப்ரன்ஷியல் ஆயில் கசிவு: சீல் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூருவில் மஸ்டாங், 370இசட் போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் புதிதாகக் கை வைப்பவர்கள், பின் டிஃப்ரன்ஷியலின் (இன்ஜின் சக்தியை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) அடியில் ஈரத்தைக் கண்டதும், உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குப் போய் ஆயில் சீல் (ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்) வாங்கி வந்துவிடுகிறார்கள். எங்கிருந்து கசிகிறது, ஏன் கசிகிறது என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

கழுவாமல் தேடுவது

ஓட்டத்தில் காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும். பின் கவர் முழுக்க நனைந்திருந்தாலும் ஊற்று முன்னால், கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொபெல்லர் ஷாஃப்ட் சுழற்றும் பினியன் கியரின் பக்கம் இருக்கலாம். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, 20–30 கி.மீ. ஓட்டிவிட்டு, ஈரத்தின் மேல் நுனியையும் முன் நுனியையும் பாருங்கள். கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். கெட்டியாக, கறுப்பாக, வட்டமாகத் தெறித்திருந்தால் அது கிழிந்த சி.வி. பூட்டின் (சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டின் மூட்டை மூடும் ரப்பர் உறை) கிரீஸ்.

பிரீதரை மறப்பது

ஓசூர் ரோட்டில் வேகமாக ஓடினால் ஆயில் சூடேறி உள்ளிருக்கும் காற்று விரியும். அந்தக் காற்றை வெளியே விடும் துளையான பிரீதரில் சேறு அடைத்திருந்தால் அந்த அழுத்தம் சீல் உதட்டைத் தள்ளி ஆயிலை வெளியேற்றும். எல்லாச் சீலும் ஒரே நேரத்தில் கசிந்தால் முதல் சந்தேகம் பிரீதர்மேல்தான். மழையில் சூடான வண்டி தண்ணீர் தேங்கிய அண்டர்பாஸில் இறங்கினால், ஹவுசிங் சட்டென்று குளிர்ந்து தண்ணீரை உள்ளிழுக்கும். ஆயில் பால்காபி நிறத்துக்கு மாறியிருந்தால் அதை உடனே மாற்றுங்கள்.

பினியன் நட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்குவது

இத்தனை பேர் எச்சரித்தும் இது நிற்கவில்லை, பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது. பினியன் சீலை மாற்ற, புரொபெல்லர் ஷாஃப்டைப் பூட்டும் தட்டான ஃபிளாஞ்சைப் பிடித்திருக்கும் பெரிய நட்டைக் கழற்ற வேண்டும். பல டிஃப்ரன்ஷியல்களில் இரண்டு பினியன் பேரிங்குகளுக்கு நடுவே கிரஷ் ஸ்லீவ் என்ற மெல்லிய இரும்புக் குழாய் இருக்கிறது. நட்டு இறுக இறுக அது நசுங்கி, பேரிங்கின் ப்ரீலோடு (ஆட்டமில்லாதபடி முன்கூட்டியே தரும் இறுக்கம்) அமைகிறது. நசுங்கியது நசுங்கியதுதான். நட்டைத் தளர்த்தினாலும் பழைய நீளம் திரும்பாது. தட்டித் தட்டி இறுக்கும் இம்பாக்ட் கன் இரண்டு நொடி கூடுதலாக ஓடினால் பேரிங் இறுகிச் சூடேறும், பிறகு ஊளையிடும். அப்போதும் ஆயில் கிரேடைக் குறை சொல்லி ஆயிலை மாற்றிப் பார்க்கிறார்கள். ஒரு சீலுக்காகத் தொடங்கிய வேலை, டிஃப்ரன்ஷியலை இறக்கிப் புது ஸ்லீவ், புது பேரிங் போடுவதில் முடிகிறது.

முதலில் ஃபிளாஞ்சை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது, புதுச் சீலும் தாங்காது. நட்டைச் சுற்றி நடுவில் ஈரமா? சீல் நன்றாகவே இருக்கலாம், ஆயில் ஸ்பிளைன் (ஷாஃப்டும் ஃபிளாஞ்சும் கோத்துக்கொள்ளும் பற்கள்) வழியே வருகிறது. அங்கே சீலன்ட் தடவ வேண்டும்.

கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், புரொபெல்லர் ஷாஃப்ட், பின் சக்கரங்கள், காலிபர்கள் மூன்றையும் எடுத்துவிட்டு, இஞ்ச்-பவுண்டு டார்க் ரெஞ்சால் பினியனைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்கு விசையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நட்டு, ஷாஃப்ட் முனை, ஃபிளாஞ்ச் மூன்றிலும் ஒரே கோட்டில் பஞ்ச் அடியுங்கள். வெளியே தெரியும் மரைகளை எண்ணுங்கள். திரும்ப மாட்டும்போது கையால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் சுழற்றி அளக்க வேண்டும். மேனுவல் புது நட்டும் புது ஸ்லீவும் கேட்டால் பழைய குறி உதவாது, மேனுவலில் போட்டிருக்கும் அளவுதான் கணக்கு.

பக்க சீல்

சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். பள்ளம் தட்டினால் புதுச் சீலும் கசியும்.

வடிப்பது

நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பார்க்காமல் வடிக்கும் பிளக்கைத் தொடாதீர்கள்; அது கழலாவிட்டால் வடித்த பிறகு ஆயிலை நிரப்ப வழியிருக்காது.

நிரப்புவது

கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப்பில் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃப்ரன்ஷியல்), ஆயிலிலேயே ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் (கிளட்ச் தட்டுகள் விட்டுவிட்டுப் பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் திரவம்) கலந்திருக்கிறதா என்று டப்பாவைப் படியுங்கள். இல்லையென்றால் தனியாகச் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் மெதுவாகத் திரும்பும்போதெல்லாம் பின்பக்கம் அதிரும்.