ஜிம்னாஸ்டிக்ஸ்: குட்டிக்கரணத்திலிருந்து தொடங்குங்கள்

ஜிம்னாஸ்டிக்ஸ் என்றதும் கம்பியில் சுழல்வதும் வளையத்தில் தொங்குவதும்தான் கண்முன் வரும். அது போட்டி. உடற்பயிற்சியாகப் பார்த்தால் அதன் நோக்கம் எளிது: சொந்த உடம்பின் எடையைத் தாங்கவும், திருப்பவும், நினைத்த இடத்தில் நிறுத்தவும் பழகுவது. 1811-ல் ஜெர்மன் ஆசிரியர் ஃபிரெடரிக் லுட்விக் யான் பெர்லினில் திறந்தவெளிப் பயிற்சிக்களம் அமைத்ததும் பதக்கத்துக்காக அல்ல, இளைஞர்களின் உடலை உரமேற்றத்தான்.

முதலில் வயிற்றை இறுக்கிப் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இதைத் தாண்டிப் போக எல்லோருக்கும் ஆசை, தாண்டாதீர்கள். மல்லாந்து படுத்து, கீழ்முதுகுக்கும் தரைக்கும் நடுவே விரல்கூட நுழையாதபடி அழுத்துங்கள். தோள்பட்டையையும் நீட்டிய கால்களையும் சற்றே தூக்கி 15 விநாடி, 3 தடவை. முதுகு வில்லாக எழும்பினால் வயிறு விட்டுவிட்டது, பாரம் இடுப்பில் இறங்குகிறது என்று பொருள். உடனே முட்டியை மடக்குங்கள்.

இனி குட்டிக்கரணம். கழுத்திலோ முதுகிலோ கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். வெறுந்தரையும் கூடாது, மெத்தென்ற பயிற்சி விரிப்பு வேண்டும். மணிக்கட்டையும் கழுத்தையும் மெல்ல அசைத்துச் சூடேற்றிய பிறகு:

1. குந்தி உட்கார்ந்து, உள்ளங்கைகளைத் தோளகலத்தில் முன்னே ஊன்றுங்கள். விரல்கள் நேராக முன்நோக்கி இருக்கட்டும்.

2. மோவாயை நெஞ்சோடு ஒட்டி, பார்வையைத் தொப்புளில் வையுங்கள். உயிர்நாடியான இடம் இதுதான். மோவாய் விலகினால் உச்சந்தலை தரையில் குத்தி, உடம்பின் பாரம் முழுக்கக் கழுத்தில் விழும்.

3. இடுப்பை உயர்த்திக் காலால் உந்துங்கள். பாரத்தைக் கைகள் வாங்கிக்கொள்ள, முதலில் தரையைத் தொட வேண்டியது பிடரிக்குக் கீழுள்ள மேல்முதுகு.

4. பந்துபோல் சுருண்டு உருளுங்கள். குதிகால் புட்டத்தை ஒட்டி வரும்போது கைகளை முன்னே நீட்டி எழுந்திருங்கள்.

‘தொப்’பென்று முதுகு அறைந்தால், நடுவழியில் உடம்பை விரித்துவிட்டீர்கள். பக்கவாட்டில் சாய்ந்தால் ஒரு கை மற்றதைவிடக் கூடுதலாகத் தள்ளியிருக்கும். கையூன்றாமல் எழ முடியவில்லையா? கால்களைச் சீக்கிரம் நீட்டியிருப்பீர்கள், அல்லது உந்துவிசை போதவில்லை. ஆப்பு வடிவச் சரிவு மெத்தையில் மேலிருந்து கீழாக உருண்டு பழகுங்கள். சரிவே வேகம் கொடுப்பதால் மோவாயிலும் கைகளிலும் கவனம் வைக்க முடியும். ஒரு நாளைக்கு 5, 6 தடவை போதும். தலை கிறுகிறுத்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள்.