காய்ந்த கெட்டித் தரைக்கு மலை சைக்கிள் டயர்: சேலத்துக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலை சைக்கிளுக்கு டயர் வாங்கப் போகும் பலர் முதலில் பார்ப்பது பட்டனைத்தான், அதாவது டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகளை. எவ்வளவு உயரமாக, எவ்வளவு இடைவெளி விட்டு முறைத்துக்கொண்டு நிற்கிறதோ அவ்வளவு கிரிப் என்று ஒரு கணக்கு. சேற்றுக்கு அந்தக் கணக்கு சரி. கஞ்சமலை அடிவாரத்திலோ சேர்வராயன் மலையின் கீழ்ச்சரிவுகளிலோ பங்குனி, சித்திரையில் ஓட்டுகிறவருக்கு அது தப்புக்கணக்கு.

டயரைப் பார்ப்பதற்கு முன்னால் தரையைப் பார்க்க வேண்டும். ஆடு மாடு நடந்து, டூவீலர் ஓடி இறுகிப்போன ஒரு செம்மண் தடத்தில் நின்று செருப்புக் குதிகாலால் ஒரு தேய் தேய்த்துப் பாருங்கள். மேலே நொய்யரிசி போலப் பொடிச் சரளை உருண்டு விலகும். அதற்குக் கீழே குதிகால் இறங்கவே இறங்காது. நம் பக்கத்துக் கோடைத் தடம் என்பது இந்த இரண்டும் சேர்ந்ததுதான்: அடியில் கல்லான தரை, மேலே உருளும் பொடி. டயர் இரண்டையும் சமாளிக்க வேண்டும்.

உயரமான பட்டன் வேலை செய்வது மண்ணுக்குள் இறங்கிப் பிடிப்பதால். இளகிய மண்ணில் பட்டன் இறங்கும், மண் நகராது, பிடிப்பு கிடைக்கும். கெட்டித் தரையில் மண் விட்டுக்கொடுக்காது. அதனால் பட்டன்தான் வளையும். வளைவில் சைக்கிளைச் சாய்க்கும்போது டயர் ஒரு கணம் நழுவுவது போலிருந்து, பிறகு பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு கணத்தில்தான் பலர் பயந்துபோய் பிரேக்கைப் பிடித்து விழுகிறார்கள். நேர்ப்பாதையிலும் நட்டம்தான். ஒவ்வொரு பட்டனும் வளைந்து நிமிரும்போது உங்கள் கால் உழைப்பில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். போதாக்குறைக்குத் தார்ச்சாலையில் அந்த ஓயாத ‘கொர்ர்ர்’ சத்தம் வேறு.

கெட்டித் தரைக்கு வேண்டியது நடுவில் குட்டையான, நெருக்கமான பட்டன்கள், இரண்டு ஓரங்களிலும் ஓரளவு உயரமான, அடிப்பாகம் தடித்த பட்டன்கள். நடுப்பகுதி உருள்வதற்கு, ஓரம் வளைவுக்கு. நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் அகலமான பள்ளம் விட்டிருக்கும் டயர் கொஞ்சம் தேர்ந்த கைக்கானது. நன்றாகச் சாய்த்து ஓட்டுகிறவருக்கு ஓர பட்டன் கிடைத்துவிடும். தயங்கித் தயங்கிச் சாய்க்கிறவர் நடுவிலும் இல்லாமல் ஓரத்திலும் இல்லாமல் அந்த வெற்றிடத்திலேயே ஓட்டிக்கொண்டிருப்பார். புதிதாகப் பழகுகிறவர்கள் இடைப்பகுதியிலும் பட்டன் உள்ள, உருண்டையான வடிவம் கொண்ட டயரை எடுப்பது நல்லது.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு: விட்டோரியா மெஸ்கால், மேக்ஸிஸ் ஐகான், கான்டினென்டல் ரேஸ் கிங் எல்லாம் இந்தக் குட்டை பட்டன் வகை. மேக்ஸிஸ் ரீகான் அதைவிட ஒரு படி கனமான ஓரம் கொண்டது. ஷ்வால்பே மேஜிக் மேரி போன்றவை நன்றாக இறங்கிப் பிடிக்க வேண்டிய இளகிய, ஈரமான இடத்துக்கானவை. நல்ல டயர்தான், ஆனால் நம் கோடைத் தடத்துக்கு அல்ல. யூடியூபில் யாரோ மழை ஓயாத ஊரில் ஓட்டிவிட்டுப் பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டதை நம்பி வாங்குவதில் உள்ள சிக்கல் இதுதான். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய மண் வேறு.

இதைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய் விழுகிறவர்களும் உண்டு. ‘கெட்டித் தரைதானே, பட்டனே வேண்டாம்’ என்று ஏறக்குறைய மொட்டை டயரை இரண்டு பக்கமும் மாட்டிவிடுவார்கள். மேலே இருக்கும் பொடிச் சரளையை மறந்துவிட்டார்கள். பின் சக்கரத்தில் அது பரவாயில்லை, முன் சக்கரத்தில் ஆபத்து.

முன்னும் பின்னும் ஒன்றல்ல

பின் டயர் வழுக்கினால் சைக்கிள் வாலை ஆட்டும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் டயர் வழுக்கினால் யோசிக்க நேரம் கிடையாது, முழங்கையும் தோளும்தான் முதலில் தரையைத் தொடும். அதனால் பிடிப்பு கூடிய டயர் முன்னால், உருள்வது எளிதான டயர் பின்னால். ஐகான் பின்னால் போட்டு ரீகான் முன்னால் போடுவது போல ஒரு ஜோடி நம் தடங்களுக்குப் பொருந்தி வரும். ஒரே மாதிரி இரண்டு வாங்குவதும் தப்பில்லை, ஆனால் அப்படி வாங்கினால் முன் சக்கரத்தின் தேவையை வைத்து முடிவெடுங்கள்.

இங்கேதான் நம் ஊரில் அடிக்கடி நடக்கும் ஒரு சிக்கனம் வினையாகிறது. பின் டயர் சீக்கிரம் தேயும், மிதிக்கும் வேகம் முழுக்க அதில்தானே இறங்குகிறது. தேய்ந்ததும் புதியது ஒன்று வாங்கிப் பின்னால் போட்டுவிட்டு, ‘பழசையும் தூக்கிப் போட வேண்டாமே’ என்று அதை முன்னால் மாட்டிவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். முன்னால் இருப்பதைப் பின்னால் தள்ளுங்கள், புதியதை முன்னால் மாட்டுங்கள், தேய்ந்ததை விட்டுவிடுங்கள்.

தேய்மானத்தை நடு பட்டனின் உயரத்தை வைத்து மட்டும் பார்க்காதீர்கள். ஓர பட்டனை விரலால் வெளிப்பக்கம் மடக்கி அதன் அடியைப் பாருங்கள். கெட்டித் தரையில் ஓட்டிய டயரில் அந்த அடியில்தான் மெல்லிய வெடிப்பு தொடங்கும். நடுவில் பட்டன் நன்றாக இருந்தாலும் ஓரம் வெடித்திருந்தால் அந்த டயர் வளைவில் கைவிடும்.

சேலத்திலிருந்து சைக்கிளை ஓட்டியே மலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஏற்காட்டுக்கு அடிவாரம் வழியாகப் போனால் 20 கொண்டை ஊசி வளைவுகள், அத்தனையும் தார். மென்மையான ரப்பர் கல்லைக் கவ்வும், ஆனால் தாரில் சோப்பாய்க் கரையும். முன்னால் மென்மையான ரப்பர், பின்னால் கெட்டியான ரப்பர் என்று போட்டால் செலவு கட்டுக்குள் இருக்கும். தார் இறக்கத்தில் பட்டன் டயரை ரோடு சைக்கிள் மாதிரி சாய்க்க வேண்டாம் என்பதையும் சொல்லி வைக்கிறேன். ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் இறக்கம் முழுக்கப் பிடித்தபடியே வராமல் விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும், ரிம் சூடேறினால் ட்யூபுக்கு ஆகாது.

காற்று: எல்லாவற்றையும் கெடுக்கும் தவறு

நல்ல டயரை வாங்கி, அதைக் கல்லாகக் காற்றடித்து ஓட்டினால் காசு வீண். ஆனால் பெரும்பாலும் நடப்பது அதுதான். டயரின் பக்கவாட்டில் 65 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) என்பது போல அச்சிட்டிருக்கும். அது தாங்கக்கூடிய உச்சம், அடிக்க வேண்டிய அளவு அல்ல. பஞ்சர் கடையிலோ கட்டைவிரல் அமுங்காத வரை அடிப்பார்கள். சரக்கேற்றும் சைக்கிளுக்கு அது பழகிய முறை, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

காற்று கூடுதலாக இருந்தால் டயர் தரையில் படும் பரப்பு குறையும். கெட்டித் தரையில் பிடிப்பு என்பதே ரப்பர் தரையில் படிவதால் வருவது. அது குறைந்தால் டயர் சரளை மேல் துள்ளித் துள்ளிப் போகும், கை மரத்துப்போகும், ஏற்றத்தில் எழுந்து மிதித்தால் பின் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும். ‘இந்த டயரில் கிரிப்பே இல்லை’ என்று புகார் சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி காற்று எவ்வளவு என்பதுதான்.

29 இஞ்ச் சக்கரம், 2.25 அகலம், 70 கிலோ ஆள் என்று வைத்துக்கொண்டால், ட்யூப் உள்ள டயருக்கு முன்னால் 28, பின்னால் 31 பி.எஸ்.ஐ. வாக்கில் தொடங்கலாம். ட்யூப்லெஸ் என்றால் முன்னால் 22, பின்னால் 25. இது தொடக்கப் புள்ளிதான். அங்கிருந்து ஒரே தடத்தில் இரண்டிரண்டாகக் குறைத்துப் பாருங்கள். கல்லில் ஏறும்போது ரிம் ‘டங்’ என்று இடித்தாலோ, வளைவில் டயர் பக்கவாட்டில் புரள்வது போலிருந்தாலோ, குறைத்தது போதும், இரண்டு ஏற்றிக்கொள்ளுங்கள். ட்யூப் வைத்திருப்பவர்கள் மிகவும் குறைத்தால் ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்தது போல அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை விழும். அப்படி இரட்டை ஓட்டை கண்டால் முள்ளைத் தேடாதீர்கள், காற்று குறைவு என்று அர்த்தம்.

காற்றை அளக்கும் ஒரு சின்ன கேஜ் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். கேஜுக்குக் கேஜ் இரண்டு மூன்று எண் வித்தியாசம் காட்டும், ஒன்றையே எப்போதும் பயன்படுத்தினால் அது பெரிய விஷயமில்லை.

சேலத்தில் அடித்த காற்று ஏற்காட்டில் என்னவாகும் என்று சிலர் கேட்பதுண்டு. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர் வாக்கில். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் சுமார் 2 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் மேலே குளிர்ச்சி, 10 டிகிரி இறங்கினால் ஒரு பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல் குறையும். இரண்டும் ஏறக்குறைய கழிந்துபோகும். கவலைப்பட வேண்டியது அதைப் பற்றியல்ல, உச்சி வெயிலில் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து சூடான டயரில் காற்றை அளப்பதைப் பற்றி.

நெருஞ்சியும் சீமைக்கருவேலும்

அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களில் மலை சைக்கிள்காரர்கள் திட்டித் தீர்க்கும் ஒரு முள் உண்டு. அது வேறெதுவும் இல்லை, நம் நெருஞ்சிதான். எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே நிற்கும்படி அமைந்த காய். குட்டையானது, அதனால் நடு ரப்பர் தடித்த டயர் ஓரளவு தடுக்கும். சீமைக்கருவேல முள் அப்படியல்ல. வேலிக்குப் போட்ட கிளை காய்ந்து தடத்தில் விழுந்து கிடக்கும், முள் எந்தச் சைக்கிள் டயரையும் ஊடுருவும் நீளம். ‘முள் ஏறாத டயர்’ என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நம் தடங்களுக்கு ட்யூப்லெஸ்ஸும் உள்ளே ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவமும்தான் முறையான பதில் என்பது என் கருத்து. முள்ளைப் பிடுங்கி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பினால் புஸ்ஸென்ற சத்தம் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இதில் இரண்டு தவறுகள். ஒன்று, ட்யூப்லெஸ் ரெடி என்று போடாத டயரில் சீலன்ட் ஊற்றி ட்யூப் இல்லாமல் ஓட்டுவது. விளிம்பு ரிம்மைக் கவ்வாது, ஓட்டத்தில் கழன்றுகொள்ளும். இரண்டு, ஒரு தடவை ஊற்றிவிட்டு மறந்துவிடுவது. குளிர் நாட்டில் ஆறு மாதம் தாங்குவது சேலத்து வெயிலில் அதற்கு முன்பே காய்ந்து, உள்ளே ரப்பர் தோலாக ஒட்டிக் கிடக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வைத் திறந்து பார்த்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

ட்யூப்தான் என்றால், பஞ்சர் ஒட்டியபின் டயரின் உள்பக்கத்தைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ ஒரு சுற்றுத் துடையுங்கள். ஒடிந்த முள் நுனி விரலுக்குத் தட்டாது, நூலைப் பிடித்து இழுத்துக் காட்டிக்கொடுக்கும். அதைவிட்டால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர்.

எடை குறைவு என்று மெல்லிய பக்கச்சுவர் கொண்ட பந்தய டயரை வாங்குவதும் இங்கே ஒத்துவராது. 120 டி.பி.ஐ. (ஓர் இஞ்சுக்கு எத்தனை நூல் என்ற கணக்கு) என்று போட்டிருந்தால் நூல் மெல்லியது, டயர் நெகிழ்வாக ஓடும், ஆனால் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு இல்லாவிட்டால் கூரான கல் பக்கவாட்டில் கிழித்துவிடும். கஞ்சமலையில் இரும்புத்தாது கலந்த படிகக்கல் சில்லுச் சில்லாகக் கிடக்கும், அது கத்தி. பக்கவாட்டுக் கிழிசலைச் சீலன்ட் அடைக்காது. பழைய டயரில் வெட்டிய ஒரு துண்டு பையில் இருந்தால் உள்ளே வைத்து வீடு வந்து சேரலாம்.

அளவு

‘26 டயர் கொடுங்க’ என்று கேட்டால் போதாது. மலை சைக்கிளின் 26 இஞ்சுக்கு ரிம் விட்டம் 559 மி.மீ., அதே 26 என்று போட்ட 1 3/8 இஞ்ச் அகல சாதா சைக்கிள் டயருக்கு 590. ஒன்று மற்றொன்றில் ஏறாது. 27.5க்கு 584, 29க்கு 622. டயரின் பக்கவாட்டில் 57-622 என்பது போல இரண்டு எண் இருக்கும், பின்னது விட்டம். பழைய டயரில் உள்ளதைப் போனில் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அகலத்துக்கு 2.2 முதல் 2.4 வரை போதும், சைக்கிள் சட்டத்தில் இடிக்காமல் இரு பக்கமும் ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். உள் அகலம் 19 மி.மீ. மட்டுமே உள்ள பழைய ரிம்மில் 2.4 மாட்டினால் டயர் மேலே உப்பி வளைவில் ஆடும். சுழலும் திசைக்கான அம்புக்குறியையும் பார்த்து மாட்டச் சொல்லுங்கள்.

மலைக்கு மேலே

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து வழிகள் கீழ்ச்சரிவைப் போல அல்ல. சில்வர் ஓக் நிழல், உதிர்ந்த இலை, அதன் கீழே ஈரம். கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் குட்டை பட்டன் இடுக்குகளில் மண் அப்பிக்கொண்டு டயர் மொட்டையாகிவிடும். அதற்காக டயரை மாற்ற வேண்டியதில்லை. பெரும்பகுதி நேரம் எங்கே ஓட்டுகிறீர்களோ அதற்கு வாங்குங்கள், மழைக்கு மறுநாள் மேலே போகாதீர்கள், அவ்வளவுதான். தோட்டங்கள் தனியார் நிலம், காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைசியாக, தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கு. மடித்து வைத்த டயர் என்றால் மடிப்பு விழுந்த இடத்தை விரித்துப் பாருங்கள். கடை வாசலில் வெயிலில் தொங்கியது என்றால் வெளுத்த பக்கத்தை நகத்தால் அழுத்துங்கள். மடிப்பில் கோடு கோடாய் வெடிப்போ, நகம் பதியாத விறைப்போ இருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறொன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.