படகுத்துறையிலிருந்து மலையை எடைபோடாதீர்கள்: நார்வே ஃபியோர்டு ஊரில் நடைவிடுமுறை, தவிர்க்க வேண்டிய தவறுகள்

நார்வேயின் மேற்குக் கடற்கரையிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேலாக உள்நாட்டுக்குள் நீளும் சொங்னே ஃபியோர்டுக்குப் (ஃபியோர்டு என்பது செங்குத்தான மலைகளுக்கு இடையே நிலத்துக்குள் புகுந்த ஒடுங்கிய கடற்பகுதி) பல கிளைகள் உண்டு. அவற்றுள் ஒன்றான அவுர்லாண்ட் ஃபியோர்டின் கரையில் அவுர்லாண்ட், ஃப்ளோம், உண்ட்ரெடால் என்ற சிற்றூர்கள் இருக்கின்றன. நடப்பதற்கென்றே விடுமுறை எடுத்துக்கொண்டு வருபவர்களுக்கு இவற்றைவிடப் பொருத்தமான இடங்கள் அந்நாட்டில் அதிகமில்லை என்பது என் கருத்து. ஊர்கள் கடல் மட்டத்தில் இருக்கின்றன. நடைபாதைகளோ பெரும்பாலும் அவற்றுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் மேலே, சில இடங்களில் ஆயிரம் மீட்டருக்கும் மேலே செல்கின்றன. இங்கே வருபவர்கள் செய்யும் தவறுகளுள் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: படகுத்துறையில் அடிக்கும் வெயிலையும் அங்கே நிலவும் அமைதியையும் வைத்துக்கொண்டு மேலே உள்ள மலையை எடைபோட்டுவிடுகிறார்கள்.

தூரத்தை மட்டும் பார்த்து நாளைத் திட்டமிடுவது அவற்றுள் முதன்மையானது. அவுர்லாண்டுக்கு மேலே நிற்கும் பிரெஸ்ட் மலையின் உயரம் 1,363 மீட்டர். வரைபடத்தில் ஊருக்கும் அதற்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு விரல் அகலம்கூட இராது என்பதால், காலை உணவுக்குப் பின் கிளம்பி மதிய உணவுக்குத் திரும்பிவிடலாம் என்று தோன்றும். ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த எளிய கணக்கு ஒன்று இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஏற வேண்டிய ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம். இதன்படி 6 கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு ஒரு வழிக்கு மட்டும் 2 மணி 42 நிமிடம் ஆகும். அதுவும் மலையில் நடந்து பழகியவர், ஓய்வு எடுக்காமல், நல்ல பாதையில் நடந்தால்தான். சமவெளியில் மட்டுமே நடந்து பழகியவர்கள் மணிக்கு 300 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு. அப்போது அதே பாதைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். வழிகாட்டிப் பலகைகளில் போட்டிருக்கும் நேரத்தையும் நார்வேக்காரர்களின் கால்களுக்கு எழுதப்பட்டதாகவே கொள்ள வேண்டும். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று பாதைகளுக்குக் கடினத்தின் வரிசைப்படி நிறம் கொடுத்திருக்கிறார்கள். முதல் இரண்டு நாட்கள் பச்சையிலும் நீலத்திலும் நடந்து, பலகையில் உள்ள நேரத்தைவிட நமக்கு எவ்வளவு கூடுதலாக ஆகிறது என்று பார்த்த பிறகு சிவப்பைப் பற்றி யோசிக்கலாம்.

இறக்கம் என்றால் எளிது என்று நம்புவது இதன் மறுபக்கம். அவுர்லாண்ட் பள்ளத்தாக்கில் ஓஸ்டர்போ என்ற இடத்திலிருந்து வஸ்பிக்டி வரையிலான பாதை நாட்டின் புகழ்பெற்ற நடைகளுள் ஒன்று. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமுள்ள அது, சுமார் 800 மீட்டர் உயரத்தில் தொடங்கி 100 மீட்டருக்கும் கீழே வந்து முடிகிறது. கிழக்கு நார்வேக்கும் மேற்கு நார்வேக்கும் இடையே மக்கள் காலங்காலமாகப் போய்வந்த வழி இது. சில இடங்களில் பாறையை வெட்டி, ஆழமான பள்ளத்தின் விளிம்பை ஒட்டிப் பாதை அமைத்திருக்கிறார்கள். வழியில் மலைத்திட்டு ஒன்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்யர்ஹைம் என்ற பழைய பண்ணையைப் பார்த்தால், அங்கே ஆண்டு முழுவதும் குடும்பங்கள் வாழ்ந்தன என்பதை நம்புவதே கடினமாக இருக்கும். பாதை கீழ்நோக்கிச் செல்வதால் குழந்தைகளும் மூத்தவர்களும் எளிதில் நடந்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் இடையிடையே ஏற்றங்களும் உண்டு; ஈரமான கற்களில் ஆறு முதல் எட்டு மணி நேரம் இறங்கி வந்தால் முதலில் முறையிடுவது முழங்கால்தான். ஊன்றுகோல் இரண்டை எடுத்துச்செல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. பாதி வழியில் போதும் என்று நிறுத்திக்கொள்ளவும் முடியாது. கீழே வஸ்பிக்டியை அடையும்வரை சாலை குறுக்கிடாது.

தொடக்கக்காரர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஃப்ளோம் பள்ளத்தாக்கை. ஃப்ளோமிலிருந்து மிர்டால் வரை 20 கிலோமீட்டரில் 867 மீட்டர் உயரத்துக்கு ஏறும் ரயிலில் மேலே போய், அங்கிருந்து நடந்து இறங்கலாம். தொடக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகள் செங்குத்தாக இறங்கும். அதன் பிறகு ஆற்றை ஒட்டிய அகலமான வழி. கால் தளர்ந்தால் இடையில் உள்ள நிலையம் ஒன்றில் மீண்டும் ரயிலேறிக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய வசதி. கோடையில் வாடகை மிதிவண்டிகள் அந்த வளைவுகளில் வேகமாக இறங்கி வரும் என்பதால், பாதையின் நடுவே நின்று படம் எடுக்காமல் இருப்பது நல்லது.

வானிலை முன்னறிவிப்பில் ஊரின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு நிம்மதி அடைவது அடுத்த தவறு. உயரம் கூடக்கூட, ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் அளவுக்கு வெப்பம் குறையும். துறையில் 15 பாகை இருக்கும்போது 1,300 மீட்டர் உயரத்தில் 6 அல்லது 7 பாகைதான் இருக்கும்; அங்கே மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் உடல் உணர்வது ஏறத்தாழ 2 பாகை. ஃபியோர்டின் உயர்ந்த சுவர்கள் காற்றைத் தடுத்துவிடுவதால் கீழே இருப்பவருக்கு இது எதுவும் தெரிவதில்லை. நார்வே வானிலை நிறுவனமும் ஒளிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே.யும் இணைந்து நடத்தும் 'இர்' என்ற முன்னறிவிப்புச் சேவையில் ஊர்ப்பெயருக்குப் பதிலாக மலையின் பெயரையே தேடலாம். வெப்பநிலையைவிட அதில் காற்று பற்றிய வரியையே முதலில் படிக்க வேண்டும் என்பேன்.

உடை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நமக்குப் பழகிய பருத்தியும் ஜீன்ஸும் அங்கே பகை. நனைந்தால் உலராமல் உடலின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே மெல்லிய கம்பளி, மேலே காற்றும் மழையும் புகாத மேலங்கி, கோடையானாலும் பையில் ஒரு தொப்பியும் கையுறையும் போதும். குடை மேலே பயன்படாது. காலணியைப் பொறுத்தவரை ஒரு வேடிக்கை உண்டு: 1930-களிலிருந்து அவுர்லாண்ட் தோல் காலணிக்குப் பெயர்பெற்ற ஊர், கயிறு கட்டாமல் காலை நுழைத்துக்கொள்ளும் அழகிய காலணி அது. வாங்கிக்கொள்ளலாம், ஆனால் மலைக்கு அணிந்து செல்லக் கூடாது.

நாட்காட்டியில் கோடை தொடங்கிவிட்டதால் மலையிலும் கோடை தொடங்கியிருக்கும் என்று நினைப்பவர்கள் ஜூன் மாதத்தில் ஏமாறுகிறார்கள். ஊரில் பழமரங்கள் பூத்து முடிந்திருக்கும். ஆயிரம் மீட்டருக்கு மேலே பனி இன்னும் பல இடங்களில் தங்கியிருக்கும், சில ஆண்டுகளில் ஜூலை வரையிலும். அந்தப் பனியின் அடியில் ஓடை ஓடிக்கொண்டிருந்தால், மேலே உறுதியாகத் தெரியும் பரப்பு காலை வைத்ததும் உடையலாம். பனி உருகும் நாட்களில் காலையில் கணுக்கால் அளவே இருந்த ஓடை, வெயில் ஏறிய பிறகு மாலையில் கடக்க முடியாததாகிவிடுவதும் உண்டு. எனவே உயரமான பாதைகளுக்கு ஜூலை நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரையிலான காலமே ஏற்றது. ஆகஸ்ட் கடைசியையும் செப்டம்பர் தொடக்கத்தையும் நான் விரும்புகிறேன். கூட்டம் குறைந்திருக்கும், காட்டில் புளூபெர்ரி பழுத்திருக்கும். ஆனால் ஜூனில் இரவு பதினொரு மணி வரை இருக்கும் வெளிச்சம் செப்டம்பர் இறுதியில் பன்னிரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிடும். பேருந்துகளும் படகுகளும் அதற்குள் குறைந்துவிடும்.

சாலையில் நடந்தே அடுத்த ஊருக்குப் போய்விடலாம் என்ற எண்ணத்தை இந்தப் பகுதியில் முற்றிலும் கைவிட வேண்டும். ஃப்ளோமிலிருந்து உண்ட்ரெடாலுக்கு வரைபடம் காட்டும் சாலையின் பெரும்பகுதி, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதை. அதற்கு அப்பால் குட்வாங்கன் பக்கம் செல்வது 11 கிலோமீட்டருக்கும் மேலான இன்னொன்று. அவுர்லாண்டிலிருந்து லார்டாலுக்குச் செல்வதோ 2000-இல் திறக்கப்பட்ட, 24.5 கிலோமீட்டர் நீளமுள்ள உலகின் மிக நீண்ட சாலைச் சுரங்கப்பாதை. இவற்றுள் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் அனுமதி இல்லை. உண்ட்ரெடாலுக்கே 1988 வரை சாலை கிடையாது. மக்கள் படகில்தான் போய்வந்தார்கள். ஆட்டுப்பாலில் செய்யும் பாலாடைக்கட்டிக்கும் மிகச் சிறிய மரத் தேவாலயத்துக்கும் பெயர்பெற்ற அந்த ஊருக்கு இன்றும் நீர்வழியே செல்வதுதான் அழகு. ஃபியோர்டுக்கு 650 மீட்டர் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டேகஸ்டைன் காட்சிமேடைக்கு அவுர்லாண்டிலிருந்து செல்லும் சாலையில் நடக்கத் தடை இல்லை. ஆனால் சுற்றுலாப் பேருந்துகளே ஒன்றையொன்று கடக்கத் திணறும் அந்தக் குறுகிய வளைவுகளில் நடப்பது எந்த வகையிலும் இன்பம் தராது.

இங்குள்ள நல்ல நடைகள் பலவும் ஓரிடத்தில் தொடங்கி வேறோரிடத்தில் முடிபவை என்பதால், பாதையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பேருந்து நேரத்தைப் பார்த்துவிட வேண்டும். ஓஸ்டர்போவுக்குப் பேருந்து கோடையில் மட்டுமே, அதுவும் நாளில் மிகச் சில முறையே செல்லும்; காலைப் பேருந்தைத் தவறவிட்டால் அன்றைய நடையே போயிற்று. காரில் செல்பவர்கள் காரைக் கீழே வஸ்பிக்டியில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் மேலே போய் நடந்து இறங்கினால், மாலையில் கடைசிப் பேருந்தை நினைத்து ஓட வேண்டிய தேவை இராது. தங்குமிடத்துக்கும் இதே போன்ற முன்யோசனை வேண்டும். சில நூறு பேர் மட்டுமே வாழும் ஃப்ளோமில், கப்பல் வரும் நாட்களில் ஆயிரக்கணக்கானோர் இறங்குகிறார்கள்; அமைதியை நாடி வருபவர்கள் அவுர்லாண்டிலோ உண்ட்ரெடாலிலோ தங்கி, கப்பல் பயணிகள் ஊருக்குள் உலவும் வேளையில் மலையில் இருக்கும்படி நாளை அமைத்துக்கொள்ளலாம்.

உணவு விஷயத்தில் ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடுகிறார்கள். அன்று பெரும்பாலான மளிகைக் கடைகள் மூடியிருக்கும். மே 17 தேசிய நாளிலும் அப்படியே. சிறிய கடைகளுக்கும் சுற்றுலா ஊர்களுக்கும் விலக்கு உண்டு என்றாலும் அதை நம்பிக் கிளம்பக் கூடாது. பாதையில் தேநீர்க் கடை எதுவும் வராது. நார்வேக்காரர்கள் ரொட்டித் துண்டுகளை எண்ணெய்த்தாளில் சுற்றி எடுத்துச்செல்லும் வழக்கத்தையே நாமும் பின்பற்றலாம். விடுதியின் காலை உணவு மேசையிலிருந்து சொல்லாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வதை அங்கே விரும்ப மாட்டார்கள். பொட்டலத்துக்குத் தனிக் கட்டணம் இருக்கிறதா என்று கேட்டுவிடுவதே முறை. சைவ உணவினருக்கு விடுதிகளில் தேர்வு குறைவு என்பதால், சமையலறை உள்ள அறையாகப் பார்த்து அரிசியும் பருப்பும் கொண்டுபோய்விட்டால் மாலை நேரக் கவலை தீர்ந்தது.

நார்வேயில் யாரும் எங்கும் நடக்கலாம் என்ற செய்தி பாதி மட்டுமே உண்மை. 1957-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த நிலத்தில் அனைவருக்கும் நடக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் பயிரிட்ட வயலும் வீட்டு முற்றமும் அதில் சேரா. ஃபியோர்டு ஊர்களில் சமநிலமே அரிது. கரையோரத்தில் பச்சைப் பட்டாக விரிந்திருக்கும் புல்வெளி, குளிர்காலத்தில் ஆடுகளுக்கு வேண்டிய தீவனம். அதை மிதித்துக் குறுக்கே போவது ஒருவரின் விளைச்சலை மிதிப்பதாகும். கூடாரத்தை மக்கள் வாழும் வீட்டிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளியே அடிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டருகிலும் தீ மூட்டப் பொதுவான தடை உண்டு. வழியில் வேலிக்கதவு மூடியிருந்தால் கடந்த பின் மூடிவிட வேண்டும். மேய்ச்சல் நிலத்தில் ஆட்டுக்குட்டிகளின் அருகே போகக் கூடாது.

பாறைகளில் சிவப்புச் சாயத்தால் வரைந்திருக்கும் 'டி' எழுத்து, 1868-இல் தொடங்கப்பட்ட நார்வே மலையேற்றச் சங்கத்தின் வழிக்குறி. மூடுபனியில் அடுத்த குறி கண்ணுக்குத் தெரியும்வரை இப்போதைய குறியை விட்டு அகலக் கூடாது. கைபேசியே வழிகாட்டும் என்று நம்பி வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்ளாமல் கிளம்புவதும் தவறு. ஆழமான பள்ளத்தாக்குகளில் அலைவரிசை அடிக்கடி அறுந்துபோகும், குளிரில் மின்கலம் விரைவில் தீரும். அந்நாட்டு மக்கள் பள்ளிப் பருவத்திலிருந்தே அறிந்த மலைநெறிகளில் ஒன்று, உரிய நேரத்தில் திரும்பிவிட வேண்டும், திரும்புவதில் வெட்கம் இல்லை என்கிறது. மாதக்கணக்கில் திட்டமிட்டுப் பெரும் செலவில் வந்திருப்பவர்களுக்குத்தான் இது கடினம். ஆகவே கிளம்பும் முன்பே ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்துக்குள் உச்சியை அடையாவிட்டால் இருந்த இடத்திலிருந்தே திரும்புவது என்று உடன் வருபவர்களுடன் முடிவு செய்துகொள்வது நல்லது.

எந்தப் பாதையில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை விடுதியில் சொல்லிவிட்டே கிளம்ப வேண்டும். மருத்துவ அவசரத்துக்கு 113, காவல்துறைக்கு 112. இருக்கும் இடத்தைத் துல்லியமாக அனுப்பும் 'யெல்ப் 113' என்ற செயலியைக் கைபேசியில் முன்பே நிறுவிக்கொள்ளலாம். மலையில் தேடி மீட்கும் பணிக்கு அங்கே கட்டணம் இல்லை. தேடி வருபவர்களுள் பலர் செஞ்சிலுவைச் சங்கத்தின் தன்னார்வலர்கள், அதாவது அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே வேறு வேலை பார்ப்பவர்கள். ஆகவே மாலையில் திட்டத்தை மாற்றி வேறு ஊருக்குப் போய்விட்டால், காலையில் யாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோமோ அவரை அழைத்துப் பத்திரமாக இறங்கிவிட்டதைத் தெரிவித்துவிட வேண்டும்.