தங்கவயல் லைன் வீட்டில் வளர்ந்த பெரியவர்களின் பிள்ளைப்பருவத்தைப் பதிவு செய்வது எப்படி

பெரம்பூர், அயனாவரம், வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஒரு ஆயாவோ தாத்தாவோ கர்நாடகத்தில் தங்கச் சுரங்கம் இருந்த கோலார் தங்கவயலில், 'லைன்' என்று சொல்லப்பட்ட தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவராக இருப்பார். பெரம்பூர் வழியாகப் போகும் ஜோலார்பேட்டை ரயில் பாதைதான் இரண்டு ஊரையும் சேர்த்து வைத்தது. அந்தக் காலத்தில் போரிங்பேட்டை என்று சொல்லப்பட்ட பங்காருப்பேட்டையில் இறங்கி, கிளைப்பாதையில் கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் தாண்டினால் மாரிக்குப்பம். 1955-ல் பெரம்பூரில் ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை திறந்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியது. கடைசியாக இங்கே வந்தவர்களுக்கும் இப்போது வயதாகிவிட்டது.

1930-க்கு முன் அங்கே சிறுவராக இருந்தவர்கள் இன்று இல்லை. இன்று எண்பத்தைந்து, தொண்ணூறு வயதில் இருப்பவர்கள் 1930-களின் கடைசியிலும் 40-களிலும் வளர்ந்தவர்கள். அதற்கு முந்தைய காலம் அவர்கள் அம்மாவிடமும் ஆயாவிடமும் கேட்டதாகத்தான் இருக்கும். அதனால் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் தனித்தனியாகக் குறிப்பதே இந்த வேலையின் உயிர். ஒவ்வொரு சம்பவம் முடிந்ததும், "ஆயா, இது நீங்க பாத்ததா, யாராச்சும் சொன்னதா?" என்று கேளுங்கள். "எங்க ஆயா சொல்லும்" என்றால், அந்த ஆயா எந்த லைனில் இருந்தார் என்பதையும் கேட்டு வையுங்கள். இதை விட்டுவிட்டால் மூன்று தலைமுறை ஒரே ஆளின் நினைவாகக் கலந்துபோகும். பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

உட்காரும் இடம்

வடசென்னை வீட்டில் பெரிய எதிரி சத்தம். தெருப்பக்க அறை வேண்டாம். உள்ளறையில், துணி தொங்குகிற கொடியோ மெத்தையோ இருக்கிற பக்கமாக உட்கார வையுங்கள். துணி எதிரொலியை வாங்கிக்கொள்ளும். வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் மட்டும் உள்ள அறையில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் பதிவாகும். மின்விசிறியை நிறுத்திவிட்டு வயதானவரைப் புழுக்கத்தில் வைக்காதீர்கள். விசிறி ஓடட்டும், காற்று நேராக மைக்கில் அடிக்காதபடி போனை நகர்த்தினால் போதும். ரெகுலேட்டரைக் குறைத்தால் சில விசிறிகளில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வரும். அந்த விசிறியை முழு வேகத்தில் விடுவதே மேல். காலைச் சமையல் முடிந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் உள்ள நேரம் நல்லது.

போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு அப்படியே நின்றுவிடும், திரையைப் பார்க்காதவரை தெரியாது. நூறு இருநூறு ரூபாய்க் காலர் மைக்கே போனின் சொந்த மைக்கை விட நன்றாக எடுக்கும். மேல்சட்டையில், வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். முந்தானையில் குத்தினால் ஒவ்வொரு அசைவும் சரசரக்கும். காதுக்கருவி வைத்திருப்பவரின் காதருகே போனைக் கொண்டுபோனால் விசில் அடிக்கும். ஒரு நிமிடம் பதிந்து, இயர்போனில் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

கோப்பு 'வேவ்' (WAV) வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோவாக இருக்கட்டும். மணிக்கு ஏறத்தாழ 520 எம்.பி. பிடிக்கும். போனில் அவ்வளவு இடம் இல்லையென்றால் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். மணிக்கு 320 எம்.பி. ஒரு அமர்வு முக்கால் மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். பெரியவருக்குக் களைப்பு வந்தால் முதலில் சுருங்குவது விவரம்தான்.

முதல் வரியாகத் தேதி, இடம், யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்பதை வாயால் சொல்லிப் பதியுங்கள். பதிவு செய்ய அவர் சம்மதம் சொல்வதும் அதிலேயே இருக்க வேண்டும். முடிந்த பிறகு, "இதுல எதையாச்சும் வெளிய சொல்லக் கூடாதா?" என்று இன்னொரு முறை கேளுங்கள். என்ன சொல்லப்போகிறோம் என்பது பேசி முடித்த பிறகுதான் அவருக்கே தெரியும்.

என்ன கேட்பது

"தங்கவயல் எப்டி இருந்துச்சு?" என்று கேட்டால், "நல்லா இருந்துச்சுப்பா, குட்டி இங்கிலாந்துன்னு சொல்லுவாங்க" என்பதோடு முடியும். ஆயிரம் முறை சொல்லித் தேய்ந்த பதில் அது. பெரிய கேள்விகளைத் தள்ளிவைத்து, ஒரு நாளின் வேலையிலிருந்து தொடங்குங்கள். எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள், குழாய் எத்தனை வீட்டுக்கு ஒன்று, குடத்தைத் தூக்கியது யார், கக்கூஸ் எவ்வளவு தூரம், இருட்டில் யார் துணைக்குப் போவார்கள். மாதக் கடையில் என்ன வாங்கினார்கள், கேவுரு (கேழ்வரகு) மாவு அரைத்தது எங்கே, களி கிண்டியது எந்தப் பாத்திரத்தில். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,800 அடி உயரத்தில் உள்ள ஊர். மார்கழிக் குளிருக்குப் போர்த்திக்கொண்டது என்ன என்று கேட்டால் வீட்டிலிருந்த துணிமணிக் கணக்கே வந்துவிடும்.

அங்கே ஒரு குழந்தையின் நாளை நடத்தியது ஷிப்ட்தான். "நைனா ராத்திரி ஷிப்ட்டு போனா, பகல்ல நீங்கல்லாம் வூட்ல எப்டி இருப்பீங்க?" இந்த ஒரு கேள்விக்குப் பல பேர் பத்து நிமிடம் பேசுவார்கள். ஒற்றை அறையில் தூங்கும் அப்பா, வெளியே விரட்டப்படும் பிள்ளைகள், சங்கு ஊதியதும் சோறு கட்டும் அம்மா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஓசையையும் கேளுங்கள்: ராத்திரியில் என்ன சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், எந்தச் சத்தம் நின்றால் பயம் வரும். பூமிக்கடியில் பாறை வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரம் ஆடியதா, ஆடினால் பெண்கள் எங்கே ஓடினார்கள். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய தூள் குவிந்த சயனைடு மேட்டில் ஏறி விளையாடியதுண்டா, காற்றடித்தால் அந்தத் தூள் எந்தப் பக்கம் வரும், துணியை எங்கே காயப்போட்டார்கள்.

பதில் வந்த பிறகு வாயை மூடிக்கொண்டு மனதில் ஐந்து வரை எண்ணுங்கள். இரண்டாவது பதில் அந்த இடைவெளியில்தான் வரும். பக்கத்தில் மகனோ மருமகளோ உட்கார்ந்து "அது அப்டி இல்லம்மா" என்று திருத்தினால், அவர்களுக்குத் தனி நாள் தருவதாகச் சொல்லி எழுப்பிவிடுங்கள். திருத்தப்பட்ட ஆயா அடுத்த கேள்விக்கு "எனக்கு இன்னா தெரியும், அவனக் கேளு" என்பார், அன்றைய வேலை அதோடு சரி.

சுரங்கத்தில் இறந்தவர், இருமி இருமிச் செத்த அப்பா, கேட்டில் உடம்பைத் தடவிச் சோதித்த அவமானம், சாதியால் தள்ளிவைத்த இடங்கள் - இவற்றை நீங்களாக முதல் நாளில் தோண்ட வேண்டாம். அவரே எடுத்தால் விடாமல் கேளுங்கள். அழுதால் பதிவைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். தப்பு செய்துவிட்டதுபோல் அவருக்குத் தோன்றும். தண்ணீர் கொடுத்துவிட்டு, நிறுத்தவா என்று கேளுங்கள். இன்னார் தங்கம் கடத்தினார் என்று பெயரோடு வரும் பேச்சைக் குடும்பப் பிரதிக்கு வெளியே விடவே கூடாது.

இரண்டாம் அமர்வில் ஒரு சார்ட் பேப்பரும் தடித்த பேனாவும் கொண்டுபோங்கள். லைனை வரையச் சொல்லுங்கள். "எனக்கு வரையத் தெரியாது" என்பார். முதலில் குழாயை மட்டும் ஒரு வட்டமாகப் போடச் சொல்லி, அங்கிருந்து வீட்டுக்கு எந்தக் கைப்பக்கம் திரும்பணும் என்று கேட்டால் கை தானாக ஓட ஆரம்பிக்கும். வரையும்போதும் பதிவு ஓடட்டும். 'இங்க', 'அங்க' என்று விரல் காட்டுவார். நீங்கள் உடனே "குழாய்க்குக் கிழக்கே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பிறகு கேட்பவருக்கு எதுவும் புரியாது.

ஆண்டும் காசும்

"எந்த வருஷம்?" என்று கேட்டால் பெரும்பாலும் தப்பான எண்தான் கிடைக்கும். "ஹிட்லர் சண்டைக்கு முன்னயா, அப்பறமா? அப்போ ஸ்கூல் போனீங்களா?" என்று முளை அடித்துக் கேளுங்கள். உறுதியான முளைகள் சில: சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது 1902, கைரேகை எடுப்பதை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது 1930, இரண்டாம் உலகப்போர் 1939-45, மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது 1956, மத்திய அரசிடம் போனது 1962, பி.ஜி.எம்.எல். (பாரத் கோல்ட் மைன்ஸ் லிமிடெட்) நிறுவனம் ஆனது 1972. சுரங்கங்களை நடத்திய ஆங்கிலேயக் கம்பெனியான ஜான் டெய்லர் கம்பெனியின் 'தொர'யை (வெள்ளைக்கார அதிகாரியை)ப் பற்றிப் பேசினால் அது 1956-க்கு முந்தைய காலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

காசு விஷயத்தில் நிறையப் பேர் சறுக்குவார்கள். 1957 ஏப்ரலுக்கு முன் 1 ரூபாய் என்பது 16 அணா, 64 பைசா, 192 தம்படி. அவர் சொல்லும் 'ஒரு பைசா' பழையதென்றால் அது காலணா; புதியதென்றால் ரூபாயில் நூறில் ஒன்று. அவர் எந்தக் காசைச் சொல்கிறார் என்று அங்கேயே கேளுங்கள். ஆழத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பத்தாயிரம் அடியைத் தாண்டியது உண்மை, ஆனால் அது பிற்காலக் கணக்கு. தாத்தாவின் அப்பா அந்த ஆழத்தில் வேலை செய்தார் என்று எழுதிவிடாமல், எந்த ஷாஃப்ட், எத்தனையாவது லெவல் என்று அவர் சொன்னதை மட்டும் எழுதுங்கள்.

படமும் காகிதமும்

சென்னை ஈரத்தில் பழைய படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். படத்தின் மேலிருக்கும் ஜெலட்டின் ஈரம் பட்டு இளகி, காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். பிளேடு வைத்தாலும் தண்ணீரில் ஊறவைத்தாலும் முகம் கண்ணாடியோடு போய்விடக்கூடும். பின்னட்டையை மட்டும் மெல்லக் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் வையுங்கள், 600 டி.பி.ஐ. உள்ளங்கையை விடச் சின்னப் படமென்றால் 1200. ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னலோரம், நேர்வெயில் படாமல், ஃப்ளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு இணையாகப் பிடித்து எடுங்கள். கண்ணாடியில் உங்கள் நிழல் தெரிந்தால், ஒரு கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு அதன் வழியாக லென்ஸை விடலாம்.

பள்ளிச் சான்றிதழ், ஞானஸ்நானச் சீட்டு, வேலைச் சான்று எதையும் லேமினேட் செய்யாதீர்கள். ஜெராக்ஸ் கடையில் ஆசையாகச் சொல்வார்கள். அந்தச் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக் பிறகு காகிதத்தைக் கிழிக்காமல் வராது. பாலியெஸ்டர் உறையில் போட்டு, பீரோவின் மேல்தட்டில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வெள்ளம் வரும் தெருவில் கீழ்த்தட்டு ஆகாது. படத்தின் பின்னால் எழுத மெல்லிய பென்சில் மட்டும், அதுவும் ஓரத்தில்.

எழுத்தாக்கும்போது அவர் பேச்சைத் திருத்த வேண்டாம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்த பேச்சுதான் தங்கவயல். 'வூடு' என்றால் 'வூடு'. கேட்காத இடத்தில் ஊகித்து எழுதாமல், நிமிடத்தையும் நொடியையும் போட்டு வெற்றிடம் விடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறேழு மணி நேரம் ஆகும்; அதை முன்னமே கணக்கில் வையுங்கள்.

கோப்பை வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். 'டாக்குமெண்ட்' என்று இணைத்து அனுப்புங்கள். மொத்தம் மூன்று பிரதி, அதில் ஒன்றாவது வேறு வீட்டில் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை ஹார்ட் டிஸ்கை மாட்டி, கோப்பு திறக்கிறதா என்று பாருங்கள். எழுதி முடித்ததைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, அவருக்கே ஒரு முறை படித்துக் காட்டுங்கள். அப்போதும் போனில் பதிவு ஓடிக்கொண்டிருக்கட்டும். விட்டுப்போன பெயர்கள் பாதி அந்த நேரத்தில்தான் வரும்.