டெல்லியில் அகதிகளை வேலைக்கு எடுக்கும்போது முதலாளிகள் செய்யும் தவறுகள்

முனிர்க்காவில் மெஸ், கரோல் பாகில் தையல் யூனிட், மயூர் விஹாரில் டிபன் கடை என்று டெல்லியில் தொழில் நடத்தும் நம்மவர்களிடம் அகதிகளை வேலைக்கு எடுப்பது பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்று, "ஐயோ வேண்டாம் சார், போலீஸ் தொல்லை." இன்னொன்று, "எடுக்கலாம் சார், சம்பளம் கம்மியாத்தான் கேட்பாங்க." சிறு கடைகளுக்குச் சம்பளக் கணக்கும் பி.எஃப். வேலையும் பார்த்துக் கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த இரண்டாவது பதில்தான் ஆளை மாட்டிவிடும்.

இந்த ஆள் இங்கே வேலை செய்யலாமா என்பதற்கு உள்துறை அமைச்சகத்தின் விதிகளில் பதில் இருக்கிறது. வேலை செய்தவருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதைத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பி, "பேப்பர் சரியில்லை, அதனால் பாதிச் சம்பளம்" என்று முடிவெடுக்கிறவர்கள் இரண்டு பக்கமும் தப்பு செய்கிறார்கள்.

"ஐநா கார்டு இருக்கே, போதாதா?"

போதாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. லாஜ்பத் நகர், போகல் பக்கம் இருக்கும் ஆப்கானியர்கள், விகாஸ்புரியில் இருக்கும் மியன்மாரின் சின் மக்கள், காளிந்தி குஞ்ச் பக்கம் இருக்கும் ரோஹிங்கியாக்கள் ஆகியோரில் பலரிடம் ஐநா அகதிகள் ஆணையத்தின் அட்டை இருக்கும். புகைப்படம், எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் உண்டு. இவர் அகதி என்று அந்த ஆணையம் ஏற்றுக்கொண்டதற்கு அது சான்று. பள்ளியிலும் அரசு மருத்துவமனையிலும் அது ஓரளவு உதவும். வேலை செய்ய இந்திய அரசு கொடுத்த அனுமதி என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் 'வொர்க் பெர்மிட்' எங்கே வாங்குவது என்று கேட்பார்கள். வளைகுடா நாடுகளில் இருப்பதுபோலத் தனியாக ஒரு வேலை அனுமதி அட்டை இந்தியாவில் கிடையாது. வேலை உரிமை விசாவின் வகையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அகதிகள் விஷயத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது நீண்டகால விசா. எல்.டி.வி. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 2011 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நடைமுறை விதிகளின்படி, அகதி என்று கோருபவரின் கோரிக்கையை விசாரித்து அமைச்சகம் எல்.டி.வி. கொடுத்தால், அவர் தனியார் துறையில் வேலை செய்யலாம், படிக்கலாம். 2019இல் இந்த விதிகளைத் திருத்தினார்கள். பாகிஸ்தானிலிருந்து வந்து ஆதர்ஷ் நகர், மஜ்னு கா டீலா பக்கம் குடியிருக்கும் இந்துக் குடும்பங்களில் பலரிடம் இந்த விசா உண்டு. அப்படிப்பட்டவரையும் "எதுக்கு வம்பு" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அதற்குச் சட்டத்தில் ஒரு காரணமும் இல்லை.

கொஞ்சம் பெரிய அலுவலகம் என்றால் ஹெச்.ஆர். ஆட்கள் வேறு வழி தேடுவார்கள்: "எம்ப்ளாய்மெண்ட் விசாவுக்கு மாத்திடலாமே." அந்த விசா வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் நிபுணர்களுக்கானது. சில விதிவிலக்குகள் தவிர ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். அதைச் சொந்த நாட்டில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். உயிருக்குப் பயந்து ஓடி வந்தவரை, திரும்பிப் போய் விசா வாங்கி வா என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

திபெத்தியர் கதை வேறு. அவர்களிடம் அரசு கொடுத்த பதிவுச் சான்றிதழ் இருக்கும். தேதி நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு திபெத்திய மறுவாழ்வுக் கொள்கை அவர்கள் தொழில் செய்வதை ஏற்கிறது. நேபாளிகளை அகதிக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அவர்கள் இங்கே வேலை செய்யலாம். டெல்லி மெஸ் அடுப்படிகள் பாதி அவர்களால்தான் ஓடுகின்றன.

"நம்ம தமிழ்ப் பையன்தானே"

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு பையன் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு சென்னைத் தமிழ். பிறந்ததும் அங்கேதான், பத்தாவது படித்ததும் அங்கேதான். ஊர்க்காரர் யாரோ சொல்லி அனுப்பியிருப்பார். மெஸ் முதலாளிக்கு இவன் வெளிநாட்டவன் என்ற எண்ணமே வராது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவர் என்றால், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால், பிறப்பால் மட்டும் குடியுரிமை வராது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர் சேர்க்கப்படவும் இல்லை.

2025 செப்டம்பர் 1 முதல் 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் போய், குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதோடு வந்த விலக்கு ஆணையில் ஒரு நல்ல செய்தி உண்டு. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை கிடையாது. ஆனால் இந்த விலக்கைக் குடியுரிமை என்றோ, எந்த ஊரிலும் வேலை செய்யலாம் என்ற அனுமதிச்சீட்டு என்றோ படிக்கக் கூடாது.

முகாமில் இருப்பவர்களுக்கு அடையாள அட்டை உண்டு, அவ்வப்போது ஆள் சரிபார்ப்பும் உண்டு. வெளியூரில் தங்க வேண்டுமானால் அதிகாரிகளிடம் அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் டெல்லிக்கு வந்து மாசக்கணக்கில் இருந்துவிட்டால் முகாமில் பெயர் விடுபடும், உதவித்தொகை நிற்கும். 2021இல் தமிழக அரசு அந்தத் தொகையைக் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாய் என்று உயர்த்தியது. தொகையைவிட, பெயர் விடுபட்டால் மறுபடி சேர்ப்பதற்கு அலைவதுதான் பெரிய பாடு. ஆகவே முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி, "தம்பி, முகாம்ல சொல்லிட்டு வந்தியா? பேப்பர் இருக்கா?" இல்லை என்றால் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். வேலை உனக்குத்தான் என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் கடிதமே அனுமதி கேட்க உதவும்.

ஆதாரை மட்டும் பார்த்துச் சேர்ப்பது

ஆதார் குடியுரிமைச் சான்று இல்லை. இந்தியாவில் முந்தைய 12 மாதங்களில் 182 நாள் தங்கிய வெளிநாட்டவரும், உரிய விசா ஆவணம் இருந்தால், அதை வாங்கலாம். எனவே ஆதார் இருப்பதால் எல்லாம் சரி என்றும் ஆகாது, வெளிநாட்டவரிடம் ஆதார் இருக்கிறது என்பதால் அது போலி என்றும் ஆகாது. எல்.டி.வி. உள்ளவரிடம் விசாவையும் ஆதாரையும் சேர்த்துப் பாருங்கள். பெயர் எழுத்துக்கூட்டு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆப்கானியப் பெயர்களில் இது அடிக்கடி இடிக்கும், பிறகு பி.எஃப். எண் உருவாக்கும்போது எல்லாம் நின்றுவிடும். "நான் கார்டு எடுத்துத் தரேன்" என்று வரும் ஏஜெண்டை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். புதிய சட்டத்தில் போலிப் பாஸ்போர்ட், போலி விசாவைத் தெரிந்தே பயன்படுத்தினாலோ கொடுத்தாலோ 2 முதல் 7 ஆண்டு வரை சிறை, 1 முதல் 10 லட்சம் வரை அபராதம்.

விசாவின் காலாவதித் தேதியை மறப்பதும் வழக்கமான தவறு. புதுப்பிக்கும் விண்ணப்பம் இப்போது இணையத்தில்தான். கூப்பிட்டால் ஆர்.கே. புரம் செக்டார் 1இல் இருக்கும் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். (மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய் வருகிறவர்களுக்கு அந்தப் பக்கம் பழக்கமாக இருக்கும்.) அன்றைக்கு லீவு கொடுங்கள். "போனா சம்பளம் கட்" என்று சொன்னால் அவர் போகமாட்டார், தேதி தாண்டிவிடும். விசா காலம் தாண்டித் தங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் வரை அபராதம். அது அவருக்கு. தெரிந்தே உடந்தையாக இருந்தால் உங்களையும் இழுப்பார்கள்.

கடை மாடியில் படுக்க இடம் கொடுப்பவர்கள் கவனியுங்கள். வெளிநாட்டவருக்குத் தங்குமிடம் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி ஹோட்டல்காரர்களோடு முடிவதில்லை. டெல்லி போலீஸ் வாடகைதாரர், வேலையாள் விவரத்தைப் பதிவு செய்யச் சொல்லி அவ்வப்போது உத்தரவு போடும். அது தனி. பீட் கான்ஸ்டபிள் வந்து கேட்கும்போது காட்ட ஒரு நகல் கல்லாவில் இருக்கட்டும்.

பாதிச் சம்பளம், பிடித்து வைத்த பேப்பர்

1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் ஸ்டேடியங்களும் மேம்பாலங்களும் கட்டினார்கள். குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஆள் பிடித்துக் கொடுத்த ஜமாதார் ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசுதான் தொழிலாளி கையில் கொடுத்தான். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று நீதிபதி பகவதி தீர்ப்பெழுதினார். பிரச்சினை ஒரே ஒரு ரூபாய். இன்றைக்கு அகதித் தொழிலாளியிடம் பிடிப்பது ஆயிரக்கணக்கில்.

எந்தத் தொழிலையும் செய்யும் உரிமை, 19ஆவது பிரிவில் உள்ளது, குடிமக்களுக்கு மட்டும்தான். ஆனால் சமத்துவம், உயிர் வாழும் உரிமை, கட்டாய உழைப்புத் தடை பற்றிய 14, 21, 23 ஆகிய பிரிவுகள் இந்த மண்ணில் இருக்கும் எவருக்கும் பொருந்தும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பில் 'ஊழியர்' என்பதற்கான வரையறை குடியுரிமையைக் கேட்பதில்லை. டெல்லியில் 2025 ஏப்ரலில் அறிவித்தபடி திறன் தேவைப்படாத வேலைக்கு மாதம் 18,456 ரூபாய். அகவிலைப்படியோடு இது மாறும், நடப்புத் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டர் மூலம் எடுத்தேன் என்று தப்பிக்கவும் முடியாது. அவர் சம்பளம் கொடுக்கவில்லை என்றால் பொறுப்பு உங்கள் தலையில்.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். அதை அவருக்குப் புரியும் மொழியில் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். ஆப்கானியரின் தாரி மொழி பேசும் ரொட்டி மாஸ்டரிடம் ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டு, பிறகு "நீதான் ஒத்துக்கிட்டியே" என்பது எடுபடாது. சம்பளத்தை வங்கியில் போடுங்கள். கணக்குத் திறக்க நாளாகும் என்றால் அதுவரை கையெழுத்து வாங்கிய ரசீதாவது இருக்கட்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அது செலவாக ஏறாது என்பதையும் உங்கள் ஆடிட்டர் சொல்வார்.

20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் பி.எஃப்., 10 பேரோ அதற்கு மேலோ என்றால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு. பொதுவாக வெளிநாட்டவருக்கு பி.எஃப்.இல் 15,000 ரூபாய் உச்சவரம்பு பார்க்க மாட்டார்கள், முழுச் சம்பளத்துக்கும் பிடிக்க வேண்டும். கர்நாடக உயர் நீதிமன்றம் 2024இல் இந்த விதியை ரத்து செய்தது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025இல் சரியென்றது. டெல்லிக் கடைக்கு டெல்லித் தீர்ப்பு. அடுப்படியில் எண்ணெய் கொட்டிக் கை வெந்துபோனால், இ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு முதலாளியுடையது. அங்கேயும் பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்க மாட்டார்கள்.

"ஓடிடுவான்" என்று அட்டையையும் விசாத் தாளையும் கல்லாவில் பூட்டி வைப்பது பெரிய தப்பு. நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை அப்போதே திருப்பிக் கொடுங்கள். வெளியே போகும் நேரத்தில் அந்தத் தாள் கையில் இல்லாமல் போலீஸ் பிடித்தால் மாட்டுவது அவர்தான். முன்பணம் கொடுத்துவிட்டு, அந்தக் கடன் அடையும் வரை நகரக் கூடாது என்று நிபந்தனை போட்டால் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வரை போகும்.

தூதரகத்துக்குப் போன் போடுவது

இது படித்தவர்கள் செய்யும் தவறு. முன்பு வேலை பார்த்த இடத்தையும் சொந்த நாட்டுத் தூதரகத்தையும் தொடர்புகொண்டு விவரம் சரிபார்ப்பது பல நிறுவனங்களில் வழக்கம். அகதி எந்த அரசுக்குப் பயந்து வந்தாரோ அந்த அரசிடமே அவர் இருக்குமிடத்தைச் சொல்லிக் கொடுப்பதாக அது முடியும். ஊரில் இருக்கும் குடும்பத்துக்கும் ஆபத்து. சந்தேகம் இருந்தால் அவருடைய ஒப்புதலோடு டெல்லியில் இருக்கும் ஐநா அகதிகள் ஆணைய அலுவலகத்திடமோ எஃப்.ஆர்.ஆர்.ஓ.விடமோ கேளுங்கள். அட்டைப் படத்தைக் கடை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். முன் அனுபவச் சான்று இல்லையென்றால் ஒரு வாரம் வேலை செய்ய வைத்துப் பாருங்கள், அந்த வாரத்துக்கும் சம்பளம் உண்டு.

கடைசியில் விசா புதுப்பிக்கப்படாமல் போய், ஆளை நிறுத்தத்தான் வேண்டும் என்ற நிலை வரலாம். அப்போது "பேப்பரே இல்லாதவன் எங்கே போய்ப் புகார் கொடுப்பான்" என்று மிச்சச் சம்பளத்தை வைத்துக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். வேலையை விட்டு நின்றாலும் நிறுத்தினாலும் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியை முழுதாகத் தீர்க்க வேண்டும் என்று ஊதியத் தொகுப்பு சொல்கிறது. விசா முடிந்துவிட்டது என்பதற்காக அவர் செய்து முடித்த வேலையின் கூலி இல்லாமல் போகாது. எத்தனை நாள், எவ்வளவு தொகை, என்னென்ன பிடித்தம் என்று எழுதி, பணத்தோடு ஒரு பிரதியை அவரிடமும் கொடுத்துவிடுங்கள்.